ஒரம்பரை வந்த ஓணான்

வா கண்ணு, உக்காரு. பஸ்சுக்கு இன்னும் நேரமிருக்குது. வேலியில போற ஓணானைப் புடிச்சு வேட்டிக்குள்ள உட்டுக்கிட்டு, குத்துது கொடையுதுன்னு அழுதானாம் ஒருத்தன். அந்தப் பழமைய நானும் 60 வருசமாச் சொல்லிக்கிட்டிருக்கறேன். ஆனா அவன் புடிச்சது ஓசி ஓணான். ஓணானுக்கு 18,000 ரூவா, கூண்டுக்குத் தனியா, வெளக்குக்குத் தனியான்னு குடுத்து வேட்டிக்குள்ள உட்டுக்கிட்ட மொத ஆளு நம்ம வம்சத்துல நீதான். பேரு வாங்கிக் குடுத்துட்டே போ.

"அப்புச்சி, அது ஓணான் இல்லீங்க, இகுவானா"ங்கறே. செரி சாமி. மெக்சிகோவுல இருந்து பிரேசில் வரைக்கும் ஆத்தோர மரத்து மேல கெடக்கற உசுரு. நம்ம கிளுவ வேலியில தலையாட்டற ஓணானுக்கு இது பங்காளி இல்ல, ஏழு ஊரு தள்ளின சம்பந்தி. படிச்ச புள்ள சொன்னா ஒத்துக்கறேன்.

இருவது நாளா நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். நீ கேக்கல, நானும் சொல்லல. கேக்காமச் சொல்ற ரோசனைக்குச் சந்தையில வெல கெடையாது. இன்னைக்குத்தான், "பழகவே மாட்டேங்குதுங்க, கையக் கொண்டுபோனா வாலால வீசுதுங்க"ன்னு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்திருக்கறே.

மொத நாளை ஞாபகப்படுத்திப் பாரு. கண்ணாப்பரேசனுக்குன்னு நான் வந்து எறங்கின அன்னைக்கேதான் அதுவும் வந்து எறங்குச்சு. ஒரே நாள்ல ரெண்டு ஒரம்பரை. எனக்கு ஒரு டம்ளர் காப்பியக் குடுத்துட்டு, "படுங்க அப்புச்சி"ன்னே. அதுக்கு? ஆபீசுல இருந்து எட்டுப் பேரு வந்தீங்க. ஆளாளுக்குத் தூக்குனீங்க, தோள்ல போட்டீங்க, ஒரு புள்ள தலையில வெச்சுப் படம் புடிச்சுது. பாட்டு வேற. ராத்திரியெல்லாம் அட்டப்பொட்டிக்குள்ள குலுங்கிக்கிட்டு வந்த உசுரு அது. அந்த உபசாரத்த எனக்குப் பண்ணியிருந்தா நானும் வாலால வீசியிருப்பேன். வாலு இல்ல, அதுதான் கொறை.

எங்கப்பன் ஒருக்கா கண்ணபுரம் தேர்ச் சந்தையில காளக்கன்னு ஒண்ணு புடிச்சுட்டு வந்தாரு. கட்டுத்தரையில கட்டினதுல இருந்து தண்ணியும் குடிக்கல, சோளத்தட்டையும் முகரல. கிட்டப் போனா மூக்கு வெடைக்குது. நான் கையில வெல்லத்த வெச்சுக்கிட்டு அதும் முன்னால நின்னு கொஞ்சிக்கிட்டிருந்தேன். எங்கப்பன் வந்து காதப் புடிச்சு இழுத்தாரு, என்ற காத. "அதுக்கு இந்த ஊருக் காத்தே இன்னும் பழகல, உன்ற மூஞ்சிக்கு என்னடா அவசரம்?"ன்னாரு. அப்பறம் தெனம் பொழுதோட கட்டுத்தரைக்குப் போவாரு. கன்னுக்கு முதுகக் காட்டி உக்காந்து, கத்தாழை நாருல கயிறு திரிப்பாரு. திரும்பிப் பாக்கமாட்டாரு. பேச்சுமில்ல. ஆறாம் நாளு, சொரசொரன்னு ஒரு நாக்கு அவரு பொடனியில ஏறுச்சு. அவரு அப்பவும் திரும்பல, கயிறு திரிக்கறதையும் நிறுத்தல. அவ்வளவுதான் கண்ணு வித்தை. இகுவானாவுக்கும் இதேதான், நாக்குத்தான் கொஞ்சம் சின்னது.

புதுசா வந்தத மொத ஒரு வாரம், பத்து நாளு தொடவே கூடாது. தண்ணி மாத்து, தீனி வெய்யி, நகந்துரு. கூண்ட ஆளு நடக்கற தடத்துல வெக்காம ஒரு மூலையில, தலைக்கு ஒசரமா வெய்யி. மரத்து மேல வளர்ற உசுரு, நம்மளக் குனிஞ்சு பாத்தாத்தான் அதுக்குத் தெகிரியம். மூணு பக்கம் துணியப் போட்டு மறை. ஒளிஞ்சுக்க ஒரு எடம், ஏறிப் படுக்க மொத்தமா ரெண்டு கொம்பு. நீ என்னடான்னா டிவிக்குப் பக்கத்துல தரையில வெச்சிருக்கறே. கிரிக்கெட்டு பாக்கவா வந்துது அது? ரெண்டு மூணு நாளு திங்காமக் கெடந்தாலும் பதறாத. புது ஊட்டுக்குப் போன மருமவ மொத நாளே மறுசோறு கேப்பாளா?

அடுத்தது உன்ற ஏசி. நம்மளாட்டம் ஒடம்புக்குள்ள அடுப்பு வெச்சுப் பொறந்த உசுரு இல்ல அது, சூட்டை வெளியில இருந்துதான் வாங்கிக்கும். வெளக்குக்கு அடியில 35 டிகிரியாவது இருக்கோணும். எதிர்க் கோடியில 27 வாக்குல. ராத்திரி 24-க்குக் கீழ எறங்கப்படாது. சூடு பத்தலைன்னா தின்னது செரிக்காது. காலையிலயும் பொழுதோடவும் தண்ணி தெளிச்சு உடு, ஈரக்காத்து வேணும். அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல 2020 சனவரியில குளிரு எறங்கினப்ப, "ராத்திரி மரத்துல இருந்து இகுவானா உழுந்தா ஆச்சரியப்படாதீங்க"ன்னு அங்கத்த வானிலை ஆபீசே சனங்களுக்குச் சொல்லுச்சு. வெறைச்சு உழுகறது, வெயிலு வந்தா பலதும் எந்திரிச்சுப் போயிரும். நீ 18-ல ஏசிய வெச்சுட்டு, "எவ்வளவு சாதுவா இருக்குது பாருங்க அப்புச்சி"ன்னியே, அது சாதுவுமில்ல சன்னியாசியுமில்ல, வெறைச்சுப் போயிக் கெடந்துது. நீ ஆபீசுக்குப் போனதும் ஏசிய நிறுத்தறது யாருங்கறே? கரண்டு பில்லு கொறைஞ்சா அப்புச்சிய நெனச்சுக்கோ.

"ஜன்னலோரமா வெயிலு படுதுங்களே"ம்பே. கண்ணாடி வெளிச்சத்த உட்டுரும், எலும்புக்கு வேணுங்கற புற ஊதாக் கதிர நிறுத்திக்கும். அந்தக் கதிரு இல்லைன்னா தின்ன சுண்ணாம்புச் சத்து ஒடம்புல ஒட்டாது. தாடை ரப்பராட்டம் கொழகொழத்துப் போகும், காலு வளைஞ்சுரும். அதுக்குன்னே இருக்கற வெளக்க தெனம் 10, 12 மணி நேரம் போடு. எரியுதுன்னு நம்பி அப்புடியே உட்றாத. அது பதவி போன மந்திரியாட்டம், வெளிச்சம் இருக்கும், சத்து இருக்காது. வருசத்துக்கு ஒருக்காவாச்சும் மாத்திரோணும். பால்கனி வெயிலு காட்டறதுன்னா கம்பிக் கூண்டுல, பாதி நெழலோட. கண்ணாடிப் பொட்டியில வெச்சே, அவிஞ்சு போயிரும்.

தீனிக்கு வா. நீ ஜிம்முக்குப் போறே, முட்டை வெள்ளக்கருவத் திங்கறே, கண்ணாடியில புஜத்தப் பாத்துக்கறே. செரி. அதுக்கு எதுக்குடா முட்டை? இந்த ஊட்டுல சுத்த சைவம் அது ஒண்ணுதான், அதையும் கெடுக்கப் பாக்கறியா? எலையும் தழையும் பூவும் தின்னு வாழற உசுரு. கறி, முட்டை குடுத்துப் பழக்குனா நாளாவட்டத்துல சிறுநீரகம் போயிரும். முருங்கக்கீரை, செம்பருத்தி எலை, பூவு, மல்பெரித் தழை, துருவின பரங்கிக்காய்னு போடு. பாலக்கீரையத் தெனம் போடாத, அது சுண்ணாம்புச் சத்தக் கட்டிப் போட்டுரும். அன்னைக்கு அது மூணு தடவ தும்முச்சுன்னு சளி மருந்து வாங்க ஓடுனே. மூக்கோரத்துல வெள்ளையாப் படிஞ்சிருந்துதே, அது உப்பு. ஒடம்புல எச்சாப் போன உப்ப மூக்கு வழியாத் தும்மித் தள்ளும். நல்ல வேளை, உன்ற அம்மிச்சி பக்கத்துல இல்ல. இருந்திருந்தா சுக்குக் கசாயம் வெச்சு ஊத்தியிருப்பா.

இதெல்லாம் கெழவனுக்கு எப்புடித் தெரியும்னு முழிக்காத. மூணாவது மாடியில ஒரு கால்நடை டாக்டரம்மா இருக்குது. தெனம் லிப்டுல பாத்துப் பழமை பேசுவேன். நீயும் ஆறு வருசமா அதே லிப்டுலதான் போறே, ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டு.

இப்பக் கைக்கு வருவோம். அதும் நடுமண்டையில வெளுத்தாப்புல ஒரு செதிலு இருக்குது, பாத்தியா? அது கண்ணு. மூணாவது கண்ணு. பரமசிவனுக்கு அப்பறம் இந்த ஊட்டுல அதுக்குத்தான். அதுல உருவம் தெரியாது, வெளிச்சமும் நெழலும்தான் தெரியும். மேல இருந்து நெழலு எறங்குச்சுன்னா பருந்து வந்துருச்சுன்னு அர்த்தம். நீ தெனம் மேல்மூடியத் தொறந்து கைய எறக்கறே. தெனம் ஒரு பருந்து வந்து "செல்லம்"னு கூப்புட்டா எந்தக் கோழிக்குஞ்சுடா பழகும்? பக்கவாட்டுல, அதும் கண்ணுக்குத் தெரியறாப்புல, கீழ இருந்து மெதுவாக் கொண்டுபோ.

அது பேசறதையும் கேட்டுப் பழகு. தலையாட்டுனா "செரீங்க"ன்னு சொல்லுதுன்னு நெனச்சுக்காத, "இது என்ற எடம்"ங்குது. தாடித் தோலை விரிச்சு, ஒடம்பத் தட்டையாக்கிக் குறுக்க நின்னா, வேட்டிய மடிச்சுக் கட்டிட்டான் பங்காளின்னு வெய்யி. வாலு துடிச்சா அடுத்தது சாட்டையடி. போன வாரம் நீ தடவிக் குடுத்தப்ப அது கண்ண மூடிக்கிச்சு. சொக்கிப் போச்சுன்னு படம் போட்டே, 200 பேரு இதயம் போட்டாங்க. கண்ணு, வேண்டாத ஒரம்பரை வாசல்ல வந்து நின்னா உங்கம்மா உள்ள போயித் தூங்கறவளாட்டம் படுத்துக்குவாளே, பல நேரம் அந்தத் தூக்கம்தான் அது.

தூரத்துல இருந்துதான் கிட்ட வரோணும். மொதல்ல பக்கத்துல சும்மா உக்காரு. அப்பறம், தெனம் ஒரே நேரத்துல தட்டு வெக்கற கை கொஞ்ச நேரம் அங்கயே கெடக்கட்டும். அப்பறம் கையில இருந்து ஒரு எலை, ஒரு பூவு. அதத் தின்னா, இன்னொரு நாளு தோள்பட்டையில ஒரு வெரலு. தூக்கற நாளு வந்தா வயித்துக்கு அடியில உள்ளங்கை, நாலு காலுக்கும் தாங்கல். வாலப் புடிக்காத, அறுந்துரும். மறுபடி மொளைக்கும், ஆனா பழைய வேட்டிக்கு ஒட்டுப் போட்டாப்புல நெறமும் சேராது, அளவும் சேராது. அஞ்சு நிமிசம் வெச்சிருந்தாப் போதும். திமிறுன ஒடனே பதறிக் கீழ உடாத, திமிறுனா உட்டுருவாங்கன்னு பாடம் படிச்சுக்கும். அதுக்குன்னு இறுக்கவும் வேண்டாம். அடங்கட்டும், அப்பறம் நீயாக் கொண்டுபோயி உடு. வாரக் கணக்கு இல்ல கண்ணு, மாசக் கணக்கு.

தொட்டா கைய சோப்புப் போட்டுக் கழுவு. அதும் வயித்துல சால்மொனெல்லாங்கற கிருமி இருக்கும். அத ஒண்ணும் பண்ணாது, நமக்கு வயித்தாலப் போகும். அதும் தட்டைச் சமையக்கட்டுத் தொட்டியில கழுவாத. முத்தம் குடுக்கறதையும் நிறுத்து. அவ்வளவு அவசரம்னா சொல்லு, பொண்ணு பாக்கறோம்.

பொண்ணுன்னதும் ஞாபகம் வருது. இப்ப முழம் அளவுதான் இருக்குது. மூக்குல இருந்து வாலு நுனி வரைக்கும் அஞ்சடி, ஆறடி வளரும், பாதிக்கு மேல வாலு. நல்லா வெச்சுக்கிட்டா 15 வருசத்துக்கு மேல இருக்கும். பீரோவ விடப் பெருசாக் கூண்டு வேணும். "மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் இல்லீங்க, ஓணான் பழக்கம் உண்டுங்க"ன்னு பொண்ணு ஊட்டுல மொதல்லயே சொல்லிப்போடோணும்.

அதுக்கு ரேசன் கார்டு எடுத்துட்டியா? சிரிக்காத. 1972-ல போட்ட வனவிலங்குச் சட்டத்த 2022-ல திருத்தி, உலக நாடெல்லாம் சேந்து வணிகத்துக்குக் கட்டுப்பாடு வெச்சிருக்கற வெளிநாட்டு உசுருகளையும் உள்ள கொண்டுவந்தாங்க. பச்சை இகுவானாவும் அந்தப் பட்டியல்ல இருக்குது. 2024-ல வந்த விதிப்படி பரிவேஷ் இணையதளத்துல பதியோணும். சலிச்சுப் போச்சுன்னு நொய்யல் கரையில உட்டுரலாம்னும் நெனைக்காத. ஃப்ளோரிடாவுல அப்புடித்தான் வளக்கறதுக்கு வாங்கினதெல்லாம் வெளிய போயி, பெருகி, இப்ப வாய்க்கால் கரையெல்லாம் பொந்து போட்டுக்கிட்டிருக்குது. வேட்டிக்குள்ள உட்டது உன்ற வேட்டிக்குள்ளயே இருக்கட்டும்.

கண்ணாப்பரேசன் ஆனவனுக்கு என்ன வேலை சொல்லு? குனியாத, சொமக்காதன்னுட்டாங்க. கருப்புக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு அதும் கூண்டுக்கு முதுகக் காட்டி உக்காந்திருந்தேன். திரிக்கறதுக்குக் கயிறு இல்ல, உங்கம்மா குடுத்த பூண்ட உரிச்சேன். ஒம்பதாம் நாளு, பொடனிக்குப் பின்னால கொம்புல நகம் உரசற சத்தம். திரும்பல. பதினாறாம் நாளு கூண்டுக் கதவத் தொறந்து வெச்சுட்டு, தோளுக்கு மேல ஒரு செம்பருத்திப் பூவப் பின்பக்கமா நீட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்பறம் தறியில நூலு இழுக்கறாப்புல ஒரு சின்ன இழுப்பு. காம்பு மட்டும் என்ற கையில மிச்சம். அன்னையில இருந்து தெனம் ஒரு பூவு.

பாசம்னு சொல்லிப்போடாத. இந்தக் கெழவனால ஒரு கெடுதலும் இல்லைன்னு கணக்குப் போட்டுருச்சு, அவ்வளவுதான். 78 வருசத்துல என்னை இவ்வளவு செரியாக் கணக்குப் போட்டது அது ஒண்ணுதான்.

செரி, பையை எடு, நேரமாச்சு. ஒண்ணு உட்டுப் போச்சு. கீழ தோட்டத்துல செம்பருத்திப் பூவு களவு போகுதுன்னு உங்க அசோசியேசன் வாட்ஸாப்புல ரகளையாமே? "திருடனைப் புடிச்சே ஆகோணும்"னு நீயும் எழுதியிருக்கறியாம், டாக்டரம்மா சொல்லுச்சு. மருந்தடிக்காத செடி அந்த மதிலோரத்துச் செடிதான், தோட்டக்காரரைக் கேட்டு வெச்சிருக்கறேன். வாட்ச்மேன் அஞ்சே முக்காலுக்கு எந்திரிக்கறாரு. நாளையில இருந்து நீ அஞ்சரைக்குள்ள போயிட்டு வந்துரு.