மூச்சை இழுத்து விடுங்கள்

2015 டிசம்பர் மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அடையாற்று வெள்ளத்துக்கு யார் காரணம் என்று இன்றுவரை பட்டிமன்றம் ஓடுகிறது. தண்டனை யாருக்கு என்பதில் மட்டும் அன்றைக்கே குழப்பமில்லை: கரையோரக் குடிசைக்காரர்களுக்கு. ஆற்றோரக் கண்ணாடிக் கட்டடங்களுக்கு வளர்ச்சி என்று பெயர். அவற்றை யாராவது தொடுவார்களா?

சைதாப்பேட்டைச் சனங்களைப் படிப்பு ஆண்டின் நடுவில், பிள்ளைகளின் புத்தகப்பையோடு, பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். ஆற்றங்கரை ஆபத்தாம். அதனால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம்! தண்ணீரிலிருந்து காப்பாற்றித் தண்ணீரிலேயே குடிவைக்கிற கருணை வேறு யாருக்கு வரும்?

வீடு போயிற்று. பத்துப்பாத்திரம் தேய்த்த தெருவுக்குப் போக இனி இரண்டு பஸ். மிச்சமிருந்தது மனசு. அதற்கும் ஒரு நாள் முகாம் போட்டார்கள், நானும் போயிருந்தேன். பேனர், பிஸ்கட், பேன்ட் மடிப்புக் கலையாத நாலு பேர், ஓர் இளம் ஆலோசகர்.

"மழை பேஞ்சா ராவுல தூக்கமே வரல கண்ணு" என்றார் ஓர் அக்கா.

"மூச்சை நல்லா இழுத்து மெதுவா விடுங்கம்மா."

"லிப்டு ஓடல. ஏழு மாடி ஏறி வந்தா அது தன்னால இழுக்குது."

ஆலோசகர் குறித்துக்கொண்டார். 'மீள்திறன் அதிகம்' என்று பாராட்டும் கிடைத்தது. மூன்று முறை மூழ்கியவனிடம் 'நீச்சல் நன்றாக வருகிறதே' என்பது மாதிரி. பணக்காரர்கள் வாழும் போட் கிளப்பில் தண்ணீர் புகுந்தால் அதிர்ச்சி, இங்கே புகுந்தால் பழக்கம்.

சட்டத்தில் குறையே இல்லை. 2017 மனநலச் சட்டம், 18ஆம் பிரிவு: சாதி, வர்க்கம் பாராமல் எல்லோருக்கும் சிகிச்சை உரிமை. 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணும் உண்டு, இரவு பகலாக. வெள்ளம் வந்தால் முதலில் கரண்டைத்தான் நிறுத்துவார்கள். சார்ஜ் செத்த போனிலிருந்து அழைப்பது எப்படி என்று அடுத்த முகாமில் சொல்லித் தருவார்களாக்கும்.

கருத்துப் படிவத்தில் 'மிகவும் திருப்தி' கட்டத்தில் யாரோ முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருந்தார்கள். கையெழுத்து வாங்கும்போது வானம் கறுத்தது. ஆலோசகர் அவசரமாகப் பையை அடைத்தார்.

"கேப் வந்திடுச்சா பாருங்க சார். இந்தப் பக்கம் தண்ணி நிக்குமாமே..." குரல் நடுங்கிற்று.

அக்கா அவர் தோளைத் தொட்டார்.

"பயப்படாத கண்ணு. மூச்ச நல்லா இழுத்து, மெதுவா வுடு."