தாம்பரத்துப் பனிப்போர்

சென்னையின் தென்புறத்தில், பல்லாவரத்தில் தொடங்கிக் குரோம்பேட்டை, தாம்பரம் வழியாகப் பெருங்களத்தூர் வரையிலும், கிழக்கே சேலையூர், மாடம்பாக்கம் வரையிலும் நெருங்கிக் கிடக்கும் அடுக்ககங்களில், தொகையில் சிறியதும் பிடிவாதத்தில் பெரியதுமான ஒரு வகுப்பினர் வாழ்ந்து வருகின்றனர். பகலில் வங்கியிலோ தணிக்கை அலுவலகத்திலோ சானடோரியத்து ஏற்றுமதி வளாகத்திலோ எவரும் குறை சொல்ல முடியாதபடி பணியாற்றும் இவர்கள், இரவு பத்து மணிக்கு மேல், வீட்டார் உறங்கிய பின், பழைய தையல் இயந்திர மேசையின் மேல் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு 1942-ஆம் ஆண்டின் ரஷ்யக் குளிர்காலத்துக்குள் நுழைந்துவிடுகின்றனர். பனிக்கால வண்ணம் பூசிய டாங்கி ஒன்றைச் சிறு மாதிரியாகக் கட்டி முடிப்பதும், கட்டி முடித்ததைக் கவனமாகப் பாழாக்குவதுமே அங்கே நடைபெறும் வேலை. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ். அதுவும் 1895-ஆம் ஆண்டிலும் 1905-ஆம் ஆண்டிலும் நேர்ந்தது. மார்கழியில் 22 டிகிரிக்கே மங்கி குல்லா அணிந்து பால் வாங்கச் செல்லும் ஊரில், உறைபனியின் வெண்மையில் நீலம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்பது பற்றி அசையாத கருத்து வைத்திருப்பவர் இந்த மாதிரிக்காரர் ஒருவரே.

இவரது கலைக்கு மூலப்பொருள் 'கிட்' எனப்படும் அட்டைப்பெட்டி. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் உறுப்புகள், 'ஸ்ப்ரூ' என்ற சட்டங்களில் காம்போடு தொங்கியபடி அதனுள் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக வெட்டி, காம்புத் தழும்பை உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக்கையே இளக்கி ஒட்டவைக்கும் திரவப் பசையால் பொருத்த வேண்டும். இத்துறையில் பெருவழக்காக உள்ள அளவு முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்பதாகும். இந்த விகிதம் கணித நுட்பம் எதனாலும் அமைந்ததன்று. ஜப்பானின் தமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் தன் பாந்தர் டாங்கியை மோட்டார் வைத்து ஓடச் செய்தபோது, உள்ளே பேட்டரி அடங்குவதற்கு வேண்டியிருந்த பருமன் எதுவோ அதுவே அளவாகி, பின்னர் உலக நியதியும் ஆயிற்று. மாதிரிக்காரர்களின் குலதெய்வமாகிய ஜெர்மானிய டைகர் டாங்கி, உண்மையில் 8.45 மீட்டர் நீளமும் 57 டன் எடையும் கொண்டது. இந்த அளவில் அது 24 சென்டிமீட்டராகச் சுருங்கி, சிங்கப்பூரிலிருந்து வரும் மைத்துனரின் பெட்டியில் சட்டைகளுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே ஊர் வந்து சேர்கிறது.

மைத்துனர் இல்லாதவர்களின் நிலை இரங்கத்தக்கது. சுங்கச் சட்டத்தின் அட்டவணை, அளவு குறைத்துச் செய்த பொழுதுபோக்கு மாதிரிகளையும் மூன்று சக்கரச் சைக்கிளையும் பொம்மைகளையும் ஒரே தலைப்பின் கீழ்ச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தத் தலைப்புக்கு உரிய வரி 2020-ஆம் ஆண்டு 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023-ஆம் ஆண்டு 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. வரியின் பளுவை மாதிரிக்காரர் எப்படியோ பொறுத்துக்கொள்கிறார். தம்முடைய டைகரைப் பொம்மை என்று இந்திய அரசே எழுத்து மூலம் அறிவித்துவிட்டதையும், அதே சொல்லை அரசுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மாமியார் பயன்படுத்தி வந்ததையும்தான் அவரால் பொறுக்க முடிவதில்லை.

கட்டுமானம் சில வாரங்களில் முடிந்துவிடும். அதைப் பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. வண்ணம் பூசுவதில்தான் இவருடைய மெய்யான வாழ்க்கை தொடங்குகிறது. பனிக்கால மறைவண்ணம் என்பது வரலாற்றில் ஓர் அவசரத்தின் விளைவு. 1941-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சோவியத் நாட்டுக்குள் புகுந்த ஜெர்மானியப் படை, குளிர்காலம் வருமுன் போர் முடிந்துவிடும் என்று நம்பியிருந்ததால், வெண்பனி நிலத்தில் தன் கருஞ்சாம்பல் நிற டாங்கிகள் தொலைவிலிருந்தே தெரிவதைக் கண்டு திகைத்தது. வீரர்கள் சுண்ணாம்பு, சாக்கட்டி என்று கைக்குக் கிடைத்ததைக் கரைத்துத் தூரிகையாலும் துடைப்பத்தாலும் கந்தையாலும் பூசினர். மழையிலும் பனியுருகலிலும் கரைந்து போவதற்கென்றே பூசப்பட்ட பூச்சு அது. ஆகவே வீரர்களின் காலணி படும் விளிம்புகளிலும் மூடிகளைச் சுற்றியும் வெள்ளை முதலில் தேய்ந்து, அடியில் உள்ள நிறம் திட்டுத்திட்டாக வெளிப்பட்டது. அடையாளக் குறிகளையும் எண்களையும் அழித்துவிடாமல் அவற்றைச் சுற்றி மட்டும் வெள்ளையடித்ததும் உண்டு.

இவ்வளவையும் மாதிரிக்காரர் அயல்நாட்டுப் படநூல்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் கற்கிறார். பொங்கலுக்கு முந்திய வாரத்தில் தம் தெருவில் இறங்கி நடந்திருந்தால் நூல் வாங்கிய செலவு மிஞ்சியிருக்கும். வஜ்ஜிரப் பசையைக் கணக்காகச் சேர்க்காமல் வெறும் சுண்ணாம்பில் சிறிது நீலம் போட்டு, இரண்டு கோட்டுக்குக் கூலி பேசி ஒரு கோட்டில் முடித்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுக்கச் சோம்பி அதைச் சுற்றி அடித்துவிட்டுப் போன சுவர், லெனின்கிராட் முனையின் டைகரிலிருந்து எவ்வகையிலும் வேறுபட்டதன்று. தோளில் உரசினால் ஒட்டிக்கொள்கிறது. ஆள் சாய்ந்து நிற்கும் இடத்தில் தேய்கிறது. முதல் மழையில் வழிந்து கோடு கோடாக இறங்குகிறது. அந்தச் சுவரைக் காட்டிப் பெயிண்டரிடம் பாதிக் கூலியைப் பிடித்துக்கொள்பவரும், அதே விளைவைத் தம் டாங்கியில் கொண்டுவர மூன்று மாதம் உழைப்பவரும் ஒரே மனிதர் என்பதை இத்துறையின் ஆராய்ச்சியாளர்கள் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

பழமையேற்றும் இந்தக் கலைக்கு 'வெதரிங்' என்று பெயர். வெயிலும் மழையும் போரும் பல மாதம் செய்த சேதத்தை மேசை மீது சில நாள்களில் செய்து காட்டுவதே அதன் இலக்கணம். இதில் புகழ் பெற்ற முறை தலைமுடித் தெளிப்பான் கொண்டு செய்வது: முதலில் டாங்கிக்குரிய சாம்பல் நிறத்தைப் பூசிக் காயவிட்டு, அதன் மேல் முடியைப் படியவைக்கும் ஹேர் ஸ்பிரேயை அடித்து, அதற்கும் மேல் அக்ரிலிக் வெள்ளையை மெல்லியதாகப் படரவிட்டு, பின்னர் ஈரத் தூரிகையால் தேய்த்தால், நீரில் கரையும் நடு அடுக்கு இளகி, மேலுள்ள வெள்ளை மட்டும் செதில் செதிலாக உரிந்து வரும். முறை எளியதே. ஆனால் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக் கடையில், முன்னந்தலை முழுவதும் வெறிச்சோடிய ஒருவர் இன்ன வகை ஹேர் ஸ்பிரேதான் வேண்டும், பிடிமானம் வலுவாக இருக்க வேண்டும் என்று விளக்கிக் கேட்கும்போது, கடைப்பெண் அவர் தலையைப் பார்க்காமல் இருப்பதற்குப் படும் பாடு எந்தக் கைந்நூலிலும் இடம்பெறவில்லை.

தொழிற்கருவிகளுக்கு இவர் பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையை நாடுகிறார். அங்கே பல் மருத்துவரின் பழைய கொக்கி, கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவரின் இடுக்கி, உடைந்த ரேடியோவிலிருந்து உருவிய மெல்லிய செம்புக் கம்பி ஆகியவற்றை, எதற்கென்று சொல்லாமல் பேரம் பேசி வாங்குவது ஒரு தனிக்கலை. ஏர்பிரஷ் எனப்படும் காற்றுத் தூரிகைக்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர் மட்டும் புதியதாக வாங்கப்படும். அது இரவில் எழுப்பும் ஓசையைக் கேட்டு, கீழ்வீட்டில் பஞ்சர் கடை வைத்துவிட்டார்களோ என்று மேல்வீட்டார் சங்கச் செயலாளரிடம் முறையிடுவர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தக் கருவி புதுத் தொல்லை ஒன்றையும் தருகிறது. காற்றில் உள்ள ஈரம் அழுத்தத்தில் நீர்த்துளியாகி வண்ணத்தோடு சேர்ந்து தெறிக்கும். விரைந்து உலரும் லாக்கர் வண்ணங்களோ ஈரக்காற்றில் பால் போல வெளிறிவிடும். இயற்கை தானாக முன்வந்து தரும் இந்த வெண்மையை மாதிரிக்காரர் ஏற்பதில்லை. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தாம் ஒரு வெண்மையைப் பூசுகிறார்.

அடுத்தது நிலத்தில் கிடக்கும் பனி. தொடக்கநிலையினர் அடுக்களையிலிருந்து ஆப்பசோடாவை எடுத்து வெள்ளைப் பசையில் குழைத்து டாங்கியின் அடியில் பரப்புவர். புதிதில் அது காண்போரை மயக்கும். நாள்பட நாள்பட, கடற்கரை நகரத்தின் ஈரத்தைக் குடித்து, கட்டிதட்டி, ரஷ்யப் பனி மஞ்சள்காமாலை கண்டதுபோல் ஆகிவிடும். வாசலுக்கு வாங்கிய கோலமாவைக் கையாள்வோர் வேறொரு பிழையில் விழுகின்றனர். அரை மில்லிமீட்டர் பருமனுள்ள கோலமாவுத் துகள், முப்பத்தைந்து மடங்கு பெருக்கிப் பார்த்தால் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் ஆகிறது. அது பனியன்று, ஆலங்கட்டி. தேர்ந்தவர்கள் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிக் குமிழ்த் தூளை அயல்நாட்டிலிருந்து வரவழைப்பர். பனியைக் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்ற நேர்மையாளர்கள், ஈஞ்சம்பாக்கத்துச் செயற்கைப் பனி அரங்குக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்று, குழந்தைகள் சறுக்கி விளையாடும் நேரமெல்லாம் குந்தி உட்கார்ந்து தரையைப் படம் எடுத்துக்கொண்டிருப்பர். சேற்றைப் பொறுத்தவரை இவர்களுக்குக் கல்வி வீட்டுக்கே வந்தது: 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்துவிட்டு வடிந்தபோது, ஈரச்சேறு கறுத்தும் உலர்ந்த விளிம்பு வெளுத்தும் நிற்கும் முறையை அப்பகுதியினர் அனைவருமே சுவரில் பார்த்தனர். அதை வண்ண எண்ணோடு குறித்துவைத்தவர் இவராக மட்டுமே இருக்க முடியும்.

இல்லத்தாரின் நிலைப்பாடு கருணை கலந்த ஐயம் என்று சொல்லலாம். கட்டி முடித்துப் பளபளவென்று நின்றபோது புகழப்பட்ட டாங்கி, பழமையேற்றிய பின் கூடத்துக்கு வரும்போது, "ஏங்க, இது இன்னும் முடியலியா, இல்ல முடிச்சப்புறம் கெட்டுப்போச்சா?" என்று இல்லத்தரசி கேட்பது எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான கேள்வி. இதைவிடக் கடுமையான விமரிசகர் பக்கத்து வீட்டில் இருப்பார். ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலை, 1960-களின் நடுவில் விஜயந்தா டாங்கியைச் செய்யத் தொடங்கி, பின்னர் டி-72, அர்ஜுன் ஆகியவற்றையும் செய்த இடம். அங்கே முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்று மகன் வீட்டோடு தாம்பரத்தில் குடியேறிய பெரியவருக்கு, டாங்கி என்பது சம்பளம் தந்த பொருளே தவிரக் கலைப்பொருள் அன்று. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மாதிரியை ஒருமுறை சுற்றிப் பார்த்து, "தம்பி, இப்படித் துரு ஏற விட்டிருந்தா எங்க இன்ஸ்பெக்டர் எங்களைத் தொலைச்சிருப்பாரு. இதைக் காயலாங்கடையில போட்டாப் பேரீச்சம்பழம்தான் குடுப்பான்" என்று தீர்ப்பளிப்பார். துரு மிகைப்பட்டது என்பது உண்மையே. படையில் உள்ள டாங்கி தேய்ந்து பளபளக்குமேயன்றி ஓரிரு குளிர்காலத்தில் தடித்த கவசம் துருப்பிடித்து உதிர்ந்துவிடாது. ஆயினும் இந்த வகுப்பினரில் பாதிப்பேருக்குச் செம்பழுப்பு நிறக் குப்பி தீரும்வரை கை ஓய்வதில்லை.

இவ்வளவு பிழை பொறுக்கும் மாதிரிக்காரர் ஒரே ஓர் இடத்தில் மட்டும் மன்னிக்க மாட்டார். ஜெர்மானியப் படை தன் டாங்கிகளின் அடிநிறத்தைச் சாம்பலிலிருந்து அடர்மஞ்சளுக்கு மாற்றியது 1943-ஆம் ஆண்டு பிப்ரவரியில். ஆதலால் ஜனவரி 1943 என்று பலகையில் எழுதிய மாதிரியில், உரிந்த வெள்ளைக்கு அடியில் மஞ்சள் எட்டிப்பார்த்தால், அதைச் செய்தவரோடு அவர் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்வதில்லை. தம் திருமண நாள் எந்த மாதம் என்பதில் தடுமாறுபவர் இதில் தடுமாறுவதில்லை.

இந்தக் கூர்மை எந்தத் திசையில் செல்கிறது என்பதுதான் கேள்விக்குரியது. பனியில் ஏறிய டாங்கியின் கதை ஒன்று இவர் ஊருக்கு மிக அருகில் தொடங்குகிறது. சென்னை ராஜதானியின் குதிரைப்படையாக 1784-ஆம் ஆண்டு உருவான 7-ஆவது லைட் கேவல்ரி, 1948-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள், லடாக்குக்கு வழியான ஸோஜி லா கணவாயில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில், தன் ஸ்டூவர்ட் டாங்கிகளைப் பனியினூடே செலுத்தி எதிரியை நிலைகுலையச் செய்தது. செய்தி வெளியே கசியாதிருக்க டாங்கிகளின் சுழல்மேடைகளைக் கழற்றித் தனியே கொண்டுசென்றனர். தளபதி திம்மய்யா திட்டமிட்ட அந்தப் படையெடுப்புக்கு, கோவேறு கழுதை செல்லும் தடத்தை வண்டித்தடமாக வெட்டிக் கொடுத்தவை மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியியல் படையின் இரு கம்பெனிகள். படை வழக்கில் 'தம்பிகள்' என்று அழைக்கப்படுபவர்கள் அவர்கள். டைகரின் சக்கரப் பட்டையில் ஒரு கண்ணி குறைந்தாலும் கண்டுபிடிக்கும் மாதிரிக்காரரின் கண்ணாடி அலமாரியில், லெனின்கிராட் உண்டு, ஸ்டாலின்கிராட் உண்டு, கார்கிவ் இரண்டு உண்டு. ஸோஜி லா இல்லை.

ஸ்டூவர்ட் டாங்கியின் கிட்டும் இதே முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் விற்பனையில் உள்ளது. கட்டி முடித்தால் 14 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அலமாரியில் அதிக இடம் கேட்காது, மைத்துனரின் பெட்டியிலும் இன்னும் இரண்டு சட்டைக்கு இடம் மிஞ்சும். பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரையுள்ள மாதிரிக்காரர்கள் அடுத்த பெட்டிக்குப் பணம் கட்டுமுன் இதைக் கருத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.