நாற்பது சதவீதக்காரர்

நாற்பது சதவீதம் என்றதும் டெண்டர், கமிஷன் என்று எண்ணத்தை ஓடவிட வேண்டாம். இவர் அடுத்தவர் காசைத் தொடாதவர். தொடுவது கீபோர்டை மட்டும்தான். ஆனால் கடையில் விற்கும் 104 விசைக் கீபோர்டு அவருக்கு ஆகாது. வலது ஓரத்து எண்கட்டம் எதற்கு, அம்புக்குறிகள் எதற்கு, எஃப்1 முதல் எஃப்12 வரை யார் சீந்துகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் 47 விசைகளில் நிற்கிறார். 'பிளாங்க்' என்ற ரகம். இந்த அளவுக்குத்தான் நாற்பது சதவீதக் கீபோர்டு என்று பெயர். "கணக்குப் போட்டால் நாற்பத்தைந்து வருகிறதே?" என்று கேட்டவர்கள் உண்டு. விளக்கம் முடிய அரைமணி நேரம் ஆனது.

ஓ.எம்.ஆர். சாலையின் ஐ.டி. அலுவலகங்களில் மாடிக்கு ஒருவராவது இப்படித் தென்படுவார். அடையாளம் கண்டுகொள்வது சுலபம். அவருடைய விசைகளின் மேல் எழுத்தே இருக்காது.

மற்ற விசைகளெல்லாம் எங்கே போயின? லேயருக்குள் போயின. ஒரு விசையைப் பிடித்துக்கொண்டால் மொத்தப் பலகையும் வேறு வேலை பார்க்கும். இப்படி 32 லேயர் வரை வைத்துக்கொள்ளலாம். அவர் அடக்கமானவர், நான்கோடு நிறுத்திக்கொண்டார். அந்த நான்கைப் புரிந்துகொள்ளும் முயற்சியில் வீட்டம்மா ஒரு நாள் மின் கட்டணம் கட்ட உட்கார்ந்தார்.

"ஏங்க, இந்த ஈமெயில்ல வர்ற அட் எங்க இருக்கு?"

"லோயரைப் பிடிச்சுக்கிட்டு டபிள்யூவ அமுக்கு."

"லோயர் எது?"

"ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்துல."

"ஸ்பேஸ் பார் எது?"

பதில் வருவதற்குள் அவர் போனிலேயே கட்டி முடித்துவிட்டார்.

இவ்வளவுக்கும் காரணம் கீபோர்டுக்குள் இருக்கும் சிப்பும் அதில் ஓடும் ஃபர்ம்வேரும்தான். கியூ.எம்.கே. என்று பெயர். விலை கிடையாது, மூலநிரலோடு கிடைக்கும். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்தி விற்றால் திருத்திய நிரலையும் கொடுத்தாக வேண்டும். இதன் வரலாற்றை அவர் தம் அப்பாவுக்கும் சொல்லிப் பார்த்தார்.

"ஜுன் வாகோன்னு ஒருத்தர் டி.எம்.கே.ன்னு எழுதினாருப்பா. அதுலேர்ந்து ஜாக் ஹம்பர்ட் பிரிச்சுக் கொண்டுவந்ததுதான் கியூ.எம்.கே."

அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரிஞ்சு 1972-ல ஒரு தடவை பிரிஞ்சுது. இது எப்போ? சின்னம் என்ன?" பிறகு கொஞ்சம் இரங்கி, "சரி, இதுல தமிழ் வருமா?" என்றார்.

"கீபோர்டுக்கு மொழியே தெரியாதுப்பா. அது அனுப்புறது நம்பர்தான். ஏ விசைக்கு 4. அதை ஏ-ன்னு எடுத்துக்கிறதா, தமிழ்99-ல அ-ன்னு எடுத்துக்கிறதான்னு கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கும்."

"முடிவு மேலிடத்துலதான்னு சொல்லு. அப்ப கட்சியேதான்."

இந்த வித்தையை ஆரம்பிப்பது எப்படி என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால், "அஞ்சு நிமிஷ வேலை" என்பார். முதல் நிமிடம்: பலகையில் என்ன சிப் என்று பார். பழையதாக இருந்தால் ஏடிமெகா32யு4. அதன் நினைவகம் 32 கிலோபைட்; பூட்லோடர் 4-ஐ எடுத்துக்கொண்டால் மிச்சம் 28. விசைகளுக்கு அடியில் வண்ண விளக்கு எரிய வேண்டுமென்றால் வேறு எதையாவது தியாகம் செய்ய வேண்டும். சட்டைப் பையில் 256 ஜி.பி. போனை வைத்திருக்கும் மனிதர், இங்கே 200 பைட்டுக்காகக் கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசுவதுபோல் மல்லுக்கு நிற்பார். இரண்டாம் நிமிடம்: கீமேப் கோப்பைத் திருத்து. மூன்றாம் நிமிடம்: கம்பைல் செய். எங்கேயோ ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருக்கும். அதைத் தேடுவதில் சனிக்கிழமை போய்விடும். நான்காம் நிமிடம் ஞாயிற்றுக்கிழமை வரும்: ரீசெட்டை அமுக்கி, சிப்பில் ஏற்று. ஏற்றும்போது கீபோர்டு செத்த பிணம். ஒரு விசையும் வேலை செய்யாது. ஏற்றியதில் பிழை இருந்தால் ஏற்றிய பிறகும் வேலை செய்யாது. திருத்துவதற்கு இன்னொரு கீபோர்டு வேண்டும். அதற்காகவே மேசை இழுப்பறையில் முந்நூறு ரூபாய்க் கீபோர்டு ஒன்று, 104 விசைகளோடு, ரகசியமாக இருக்கிறது.

புதிய ஆர்பி2040 சிப் என்றால் இத்தனை பாடு கிடையாது; பென் டிரைவ்போல் திரையில் தோன்றும், கோப்பை இழுத்துப் போட்டால் முடிந்தது. வயா என்ற செயலியில் கம்பைல்கூடத் தேவையில்லை. திரையிலேயே விசைகளை மாற்றிக்கொள்ளலாம். இவற்றை அவர் மறுப்பதில்லை. "வேலை முடியணும்னு நினைக்கிறவங்களுக்கு அது சரி" என்பார்.

அவருடைய உச்ச சாதனை, நடுவரிசை எழுத்துகளுக்கு இரட்டை வேடம் கொடுத்தது. ஏ விசையைத் தட்டினால் எழுத்து. 200 மில்லிவினாடிக்கு மேல் பிடித்தால் கண்ட்ரோல். விரலை நகர்த்தாமலே வேலை ஆகும் என்பது தத்துவம். ஆண்டு இறுதியில், இணையப் படிவத்தில் தம் சாதனைகளை வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவர், 'அவார்டு' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வந்தார். மதியம் பிரியாணி, விரல் ஏ-யில் சற்றே தங்கிவிட்டது. அடுத்த எழுத்து டபிள்யூ. கண்ட்ரோலும் டபிள்யூவும் சேர்ந்தால் பிரவுசர் பக்கம் மூடிக்கொள்ளும், மூடிக்கொண்டது. வேறொருவராக இருந்தால் தலையில் கை வைத்திருப்பார். இவர் முகத்திலோ ஒளி! 200-ஐ 220 ஆக்கி, மறுபடி கம்பைல் செய்து, நள்ளிரவில் நிமிர்ந்தார். படிவத்தின் கெடு அதற்குள் முடிந்திருந்தது.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அவர் பக்கமும் யோசிக்க வேண்டும். அலுவலகத்தில் ஏ.சி. குளிரைக்கூட அவரால் மாற்ற முடியாது. நாற்காலி, ஷிஃப்ட், மேலாளர் எல்லாம் மேலிருந்து இறங்கியவை. கேப்ஸ் லாக்கைப் பதவிநீக்கம் செய்ய மட்டும் யார் ஒப்புதலும் தேவையில்லை. அவர் சொன்னதைக் கேட்டு, சொன்னபடி நடக்க இந்த உலகத்தில் 47 பேர் இருக்கிறார்கள் என்றால், அது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் கீபோர்டும் கையுமாக வந்து நின்றான். "சார், கேப்ஸ் லாக்கை கண்ட்ரோலா மாத்தணும். அவ்வளவுதான்."

அன்று அவர் நல்ல வாத்தியாராக இருந்தார். "கூட வந்த கீமேப்பைத் திருத்தாதே, நகல் எடுத்துத் திருத்து. முதல் தடவை ஒரே ஒரு விசை. அது ஓடினப்புறம் அடுத்தது. ஏதாவது ஒரு லேயர்ல ரீசெட்டுக்கு இடம் வை, இல்லேன்னா ஒவ்வொரு தடவையும் பலகையைக் கவுத்துப் போட்டுப் பட்டன் தேடணும்."

கம்பைல் ஆனது. ஏறியது. பையன் கேப்ஸ் லாக்கைப் பிடித்துக்கொண்டு சி-யைத் தட்டினான், வி-யைத் தட்டினான். நகல் விழுந்தது. இன்னொரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டான். பிறகு பலகையை மேலும் கீழும் அளப்பதுபோல் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"சார், இந்த ஸ்பேஸ் பாருக்கு எதுக்கு சார் இவ்வளவு இடம்?"