மையும் நீரும் வரைந்த மலைகள்

கேள்வி: ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால நிலக்காட்சிப் படங்கள் பலவும் பழுப்பு மையிலேயே இருக்கின்றனவே, கறுப்பு மைக்குப் பஞ்சமா?

பதில்: பஞ்சமில்லை, வயதாகிவிட்டது. மாசிக்காய்ச் சாறும் அன்னபேதியும் வேலம்பிசினும் சேர்ந்ததே அந்த மை. தாளில் இட்டதும் காற்றுப்பட்டுக் கறுக்கும்; காலப்போக்கில் பழுப்பாகும். அதன் அமிலம் சில தாள்களை அரித்தும் இருக்கிறது. வரையும்போதே பழுப்பு வேண்டியவர்கள் விறகுப் புகைக்கரியைக் கரைத்து ‘பிஸ்டர்’ செய்தார்கள். கணவாய் மீனின் ‘செபியா’ பரவலானது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான்.

கேள்வி: சாமி படமும் பிரபு படமும் வரைந்தால் காசு. வெறும் பாறையையும் மரத்தையும் யார் கேட்டார்கள்?

பதில்: பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை. அதுவே இவற்றின் பெருமை. தேவாலய ஓவியங்களில் இயற்கை வெறும் பின்னணி. தாளில்தான் அது தனியாக நின்றது. 21 வயது லியனார்டோ டா வின்சி வரைந்த ஆர்னோ பள்ளத்தாக்குப் படத்தில் கோட்டையும் அருவியும் தொலைதூரச் சமவெளியும் உண்டு, கதைமாந்தர் இல்லை. 1473 ஆகஸ்ட் 5 என்று தன் கையாலேயே தேதியிட்டிருக்கிறார். படம் இன்று புளோரன்ஸின் உஃபிஸி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1550களில் இத்தாலிக்குப் போய்வந்த பீட்டர் புரூகலும் ஆல்ப்ஸ் மலைகளைப் பேனாவில் வரைந்து குவித்தார்.

கேள்வி: ஒரே மையில் பக்கத்து மரமும் பத்து மைல் மலையும் எப்படித் தெரியும்?

பதில்: நீரின் அளவால். இறகுப் பேனாவால் கோடிட்டபின், நீர் கலந்த மையைத் தூரிகையால் பூசுவதே ‘வாஷ்’. முதலில் மிக வெளிறிய பூச்சு. காய்ந்தபின் நிழல் விழும் இடங்களில் மட்டும் அடுத்தது. அருகிலிருப்பவை அடர்ந்தும், தொலைவிலிருப்பவை காற்றில் கரைந்தாற்போல் மங்கியும் நிற்கும். பிழையை அழிப்பது அரிது என்பதால் கைக்கு உறுதி வேண்டும். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமில் வாழ்ந்த பவுல் பிரில் போன்றோர் பழுப்போடு நீலப் பூச்சையும் சேர்த்தார்கள்.

கேள்வி: வெயிலுக்கு என்ன நிறம்?

பதில்: பெரும்பாலும் எதுவுமில்லை. பூசாமல் விட்ட தாளே வெயில்! ஆல்ட்டோர்ஃபர் போன்ற ஜெர்மானியர்கள் சில படங்களில் தாளுக்கே அடர்நிறம் பூசி, வெள்ளைக் கோடுகளால் ஒளி ஏற்றினார்கள்.

கேள்வி: அருங்காட்சியகத்துக்குப் போனால் பார்க்கலாமா?

பதில்: எப்போதும் முடியாது. வெளிச்சம் மையையும் தாளையும் கெடுக்கும் என்பதால் இவை பெரும்பாலும் பெட்டிக்குள்தான் இருக்கும். மங்கிய விளக்கொளியில் சில மாதம் மட்டும் வெளியே வரும். கண்காட்சி அறிவிப்பு வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.