தப்புக்குத்தான் விலை!

கேள்வி: போனிலேயே மேப் இருக்கிறது. முந்நூறு வருடத்துக்கு முந்தைய தப்பு மேப்பை ஏன் சார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்?
(ஓசூர் வாசகர்)

பதில்: அந்தத் தப்புக்குத்தான் காசு! 17-ஆம் நூற்றாண்டு மேப்கள் பலவற்றில் கலிஃபோர்னியா ஒரு தீவு. ஒருவர் போட்டதைப் பார்த்து அடுத்தவர் போட்டார். கடைசியில் 1747-ல் ஸ்பெயின் மன்னர் ஆறாம் ஃபெர்டினாண்டு, ‘அது தீவு அல்ல’ என்று ஆணையே போட வேண்டியிருந்தது. வாட்ஸ்அப் இல்லாத காலத்திலும் ஃபார்வர்டு இருந்திருக்கிறது.

கேள்வி: கடைக்காரர் ‘டேனியல் படம்’ என்று ஒன்றைக் காட்டுகிறார். யார் அந்த டேனியல்?
(அம்பாசமுத்திரம் வாசகி)

பதில்: ஒருவர் இல்லை, இருவர். ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம். 1786-ல் கல்கத்தாவில் வந்திறங்கியவர்கள், 1792-93-ல் மதுரை, தஞ்சாவூர், மாமல்லபுரம் என்று வரைந்து தள்ளினார்கள். உங்கள் பக்கத்துப் பாபநாசம் அருவியும் தப்பவில்லை. லண்டன் திரும்பி 1795 முதல் 1808 வரை 144 படங்களாக வெளியிட்டார்கள். சுற்றியது ஏழு வருடம்; அச்சடித்தது பதின்மூன்று!

கேள்வி: அசலா நகலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(கும்பகோணம் வாசகர்)

பதில்: பத்து மடங்கு காட்டும் லென்ஸை வைத்துப் பாருங்கள். வரிசை பிசகாமல் புள்ளிகள் தெரிந்தால் ஆஃப்செட் நகல். காலண்டர் விலை கொடுக்கலாம். டேனியல் படங்கள் அக்வாடின்ட் முறை. செப்புத் தகட்டில் பிசின் பொடி தூவி, அமிலத்தால் அரிப்பது. நிழல் விழும் இடமெல்லாம் ஆற்று மணல் மாதிரி ஒழுங்கில்லாத மணிகள் தெரியும். தாளின் பழுப்பை மட்டும் நம்பாதீர்கள். டீயில் நனைத்தால் நேற்றைய தாளுக்கும் வயதாகிவிடும்.

கேள்வி: பூர்வீக வீட்டில் ரவிவர்மா படம் ஒன்று இருக்கிறது. லட்சக்கணக்கில் போகுமா?
(பள்ளத்தூர் வாசகி)

பதில்: அவர் வரைந்ததா, அவர் அச்சகம் அச்சிட்டதா? 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, பூஜையறைக்குப் பூஜையறை லட்சுமியையும் சரஸ்வதியையும் கொண்டுபோய்ச் சேர்த்தார். உங்களுடையது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். சரஸ்வதிக்குப் பாட்டி ஜரிகையும் சமிக்கியும் ஒட்டியிருந்தால் பிய்த்துவிடாதீர்கள். அதற்கென்றே தேடி வருகிறவர்கள் உண்டு.

கேள்வி: பழைய அட்லஸை வாங்கி, தாள் தாளாகப் பிரித்து விற்றால் நல்ல லாபமாமே?
(கோவை வாசகர்)

பதில்: செட்டிநாட்டு வீட்டை இடித்துத் தேக்குத் தூணை விற்றாலும் லாபம்தான். இன்னும் ஒரு படி கீழே போனவர் அமெரிக்க மேப் வியாபாரி ஃபோர்ப்ஸ் ஸ்மைலி. நூலகப் புத்தகங்களிலிருந்தே மேப்களை உருவினார். 2005-ல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் தரையில் கிடந்த ஒரு பிளேடு அவரைக் காட்டிக்கொடுத்தது. 97 மேப்களைத் திருடியதாக ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு ஒரு பழைய படம் அனுப்பலாமா?
(திருச்சி வாசகர்)

பதில்: நூறு வயதைத் தாண்டிய கலைப்பொருளுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி தனியார் அதை ஏற்றுமதி செய்யக் கூடாது. மகனை வரச் சொல்லுங்கள். படத்தையும் பார்ப்பார், உங்களையும் பார்ப்பார்.

கேள்வி: சேகரிக்க ஆசை. கையில் இருப்பது ஆயிரம் ரூபாய். முதலில் என்ன வாங்கலாம்?
(விருதுநகர் வாசகர்)

பதில்: லென்ஸ். ஆறு மாதம் அதை வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். அதற்குப் பிறகு பர்ஸைத் திறக்கலாம்.