சீட்டுன்னு மட்டும் சொல்லிறாதீங்க, மாஸ்டர்

உட்காருங்க தம்பி மாஸ்டர், பிளேன்டீ ஆறுறதுக்குள்ள சொல்லிடுறேன். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்துல பிரிட்ஜ் சொல்லிக் குடுக்கப் போறீங்களாமே. நல்ல விசயம். ஆனா வாய் தவறியும் சீட்டுன்னு சொல்லிறாதீங்க. மடுவத்துல கொழுந்து நெறுத்துட்டு வர்ற பொம்பளைங்க காதுல அது விழுந்தா, சம்பளத்தன்னிக்கு ராத்திரி புருசன் எங்க ஒக்காந்திருந்தாருங்கிறதுதான் ஞாபகத்துக்கு வரும். வெளக்கமாத்தோட வருவாங்க.

ஒலிம்பிக் கமிட்டி 1999லயே ஏத்துக்கிட்ட மூளை விளையாட்டுன்னு சொல்லுங்க. 2018ல ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில கல்கத்தாக்காரங்க ரெண்டு பேரு, பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும், இதுல தங்கம் வாங்கினாங்க. ஒருத்தருக்கு வயசு 60, மத்தவருக்கு 56. இதை அம்மாமார்கிட்ட சொல்லுங்க, எங்க கெழவனுங்ககிட்ட சொல்லிறாதீங்க. அம்புட்டுப் பேரும் பாஸ்போர்ட் எடுக்கக் கெளம்பிருவானுங்க.

அமெரிக்காவுல பில் கேட்ஸும் வாரன் பஃபெட்டும் பள்ளிக்கூடத்துல இதைப் பரப்ப 2005ல பத்து லட்சம் டொலர் தர்றதாச் சொன்னாங்க. நீங்க கேக்குறது பழைய மேசை நாலு, கட்டு நாலு. அதுக்கே எத்தனை பாரம் நெரப்பணுமோ!

சின்னப் புள்ளைங்களுக்குன்னு வெளிநாட்டுல மினி பிரிட்ஜ்னு ஒண்ணு வச்சிருக்காங்க. ஏஸுக்கு 4, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. அவனவன் கையில உள்ளதைக் கூட்டி வாய்விட்டுச் சொல்லணும், நாலு பேருதும் சேர்ந்தா 40. எந்தச் சோடிக்குக் கூடுதலோ அது ஆடும். ஏலம் கேக்குறது புள்ளைங்களுக்குக் கஷ்டம்னு அதையே எடுத்துட்டாங்க. அவங்க ஊருக்குச் சரி. நம்ம லயத்து வாசல்ல சாக்கை விரிச்சு 304 ஆடுற பொடியன்களைப் பாத்திருக்கீங்களா? நாலு சீட்டு கைக்கு வந்ததுமே நூத்தறுபதுன்னு கேக்குறவனுக்கு ஏலம் கஷ்டமா? ஜாக்கி 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் 304. (சீட்டுல உள்ள சாதியைத்தான் சொல்றேன்.) செத்த வீட்டுல விடிய விடிய பெரியவங்க தோளுக்குப் பின்னால நின்னு படிச்ச கணக்கு அது. கணக்குப் பாடத்துல முட்டை வாங்குறவனும் இதுல பிசகமாட்டான்.

அவன் தடுமாறுற எடம் ஜாக்கிதான். 304ல பெரிய தொரை, பிரிட்ஜ்ல ராணிக்குக் கீழ ஒத்தைப் புள்ளிக்காரன். 1975ல கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தப்ப தொரைமாருக்கு வந்த கதின்னு சொன்னா தாத்தாமாருக்குச் சட்டுனு வெளங்கிரும். புள்ளைங்களுக்கு நீங்கதான் வெளக்கணும்.

நமக்குப் பிரிட்ஜ் புதுசுன்னும் நெனச்சிறாதீங்க. எங்க சித்தப்பா பங்களாவுல அப்புவா இருந்தவரு. சனிக்கிழமை ராத்திரி தொரைமார் ஆடுறப்ப டிரேயைத் தூக்கிக்கிட்டு நாலு பேருக்குப் பின்னாலயும் சுத்துவாரு. 52 சீட்டையும் பாத்த ஒரே ஆளு அவருதான். ஒரு தொரைக்கு மட்டும் சோடாவைச் சில நேரம் எடது பக்கம் வைப்பாரு, சில நேரம் வலது பக்கம். மறுநா காலையில அந்தத் தொரை பங்களாவுலேர்ந்து எங்க லயத்துக்குக் கேக்கு வரும். ஏன்னு நாங்க கேட்டதில்லை. 2015ல உலகத் தரத்துச் சோடி ஒண்ணு, சீட்டு வைக்கிற தட்டை மேசையில எங்க வைக்கிறதுங்கிறதுலயே சாடை காட்டிச்சின்னு பெரிய ரகளையாச்சு. சித்தப்பாவுக்கு அதெல்லாம் பழைய பாடம். பெரிய போட்டியில கூட்டாளி மொகம் தெரியாம மேசைக்குக் குறுக்க திரை போடுவாங்க. ஓமிச் சீட்டாட்டத்துல கண்ணடிச்சே வளந்த நம்ம ஆளுகளுக்குத் திரை பத்தாது, சொவரே எழுப்பணும்.

எனக்குப் பயம் வேற ஒண்ணுல. போட்டியில ஆடி முடிச்ச சீட்டைக் கலைக்கிறதில்லை. அந்தந்தக் கையைத் தட்டுல சொருகி அப்படியே அடுத்த மேசைக்கு அனுப்புறாங்க. எல்லா மேசையிலயும் அதே சீட்டு, யாரு நல்லா ஆடினாங்கங்கிறதுதான் கணக்கு. இதுல சூது இல்லைன்னு அம்மாமார்கிட்ட நெஞ்சை நிமித்திச் சொல்லலாம். தோத்தவன் என்ன சொல்லுவான்? இந்த ஊர்ல கொழுந்து கொறைஞ்சா மழையைச் சொல்லுவோம், மிளகு வெலை விழுந்தா கொழும்பைச் சொல்லுவோம், சீட்டுல தோத்தா கை சரியில்லைம்போம். அந்தக் கடைசிச் சாக்கையும் புடுங்கிட்டா ஆம்பளைங்க எந்த மொகத்தோட வீட்டுக்குப் போறது?

தொடங்குற நாளையும் பாத்து வைங்க. முத்துமாரியம்மனுக்கு மாசி மகத்துல அஞ்சு தேரும் ஓடி முடியட்டும், அதுக்கு முந்தி ஒரு பய வரமாட்டான்.

அப்புறம் டம்மி. ஏலம் முடிஞ்சு எதிராளி மொதச் சீட்டைப் போட்டதும் ஆடுறவனோட கூட்டாளி 13 சீட்டையும் மேசையில விரிச்சு வச்சிட்டு வாயை மூடிக்கிட்டு ஒக்காரணும். சொன்ன சீட்டை எடுத்துப் போடலாம், யோசனை சொல்லப்படாது, மூஞ்சியையும் சுளிக்கப்படாது. புள்ளைங்களுக்கு அது லேசுல வராது. அதனால தொறப்பு விழாவுக்கு வர்ற பிரதம விருந்தினரை மொத ஆட்டத்துக்கு அந்த எடத்துல ஒக்கார வைங்க. மாலை போட்டு ஒக்கார வச்சா அசையமாட்டாரு. மைக்கை மட்டும் தூரமா வச்சிருங்க.