பால் இல்லையா, பக்கத்தில் ஆள் இல்லையா?

கே: தலைப்பிரசவம். குழந்தை பிறந்து மூன்று நாள் ஆகிறது. "உனக்குப் பால் இல்லை" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். பால் டப்பா வாங்கிவிடட்டுமா?
– புதுத் தாய், தோணிரேவு

எல்லோரும் சொல்வது இருக்கட்டும், தங்கச்சி. குழந்தை என்ன சொல்கிறது? முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். அது சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பிறந்த பிள்ளையின் வயிற்றுக்கு அது போதும். மூன்றாம் நாள், நான்காம் நாள்தான் பால் கட்டும். சிசேரியன் என்றால் இன்னும் ஒன்றிரண்டு நாள் தள்ளலாம்.

ஐந்து நாள் ஆன பிறகு பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா? இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டதா? பால் போதுகிறது என்பதற்கு இவைதான் சாட்சி. மார்பு கனக்கவில்லை, பிழிந்தால் நாலு சொட்டுதான் வருகிறது என்பதெல்லாம் சாட்சியே இல்லை.

இப்போது டப்பாவைத் திறந்தால் பிள்ளை வயிறு நிறைந்து தூங்கிவிடும். மார்பில் சப்புவது குறையும். சப்பச் சப்பத்தான் பால் ஊறும் என்பதால் ஊறுவதும் குறையும். இன்று பொய்யாக இருக்கிற "பால் இல்லை" ஒரு வாரத்தில் மெய்யாகிவிடும். எடை இறங்கிக்கொண்டே போனால் மருத்துவரிடம் போக வேண்டும்; அவர் சொன்னால் மட்டும் டப்பா. அதற்கு முன்னால், உங்கள் தெருவில் போன வருடம் பிள்ளை பெற்று இன்னும் பால் கொடுத்துக்கொண்டிருக்கிற ஓர் அக்கா இருப்பாளே, அவளைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை வாய் வைப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கே: வந்து உட்கார்ந்து அவள் எதைப் பார்க்க வேண்டும்?
– கூனங்குப்பம்

பிள்ளையின் வாயை. நன்றாக அகலத் திறந்திருக்கிறதா, கீழுதடு வெளியே மடங்கியிருக்கிறதா, தாடை மார்பில் ஒட்டியிருக்கிறதா, காம்போடு கருவட்டமும் வாய்க்குள் போயிருக்கிறதா. காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்குப் புண்ணாகும், பிள்ளைக்குப் பாலும் சரியாக வராது. பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுக்கிற பெண்களுக்குப் பெரும்பாலும் வேண்டியது மருந்தில்லை. பிள்ளையை எடுத்து மறுபடி சரியாக வைத்துக் காட்டுகிற ஒரு கை.

கே: அம்மா, மாமியார், அத்தை என்று வீடு நிறையப் பெண்கள். வெளியாள் எதற்கு?
– அவுரிவாக்கம்

அவர்கள் பாசத்துக்குக் குறையில்லை. ஆனால் அவர்கள் பால் கொடுத்து இருபது முப்பது வருடம் ஆகிவிட்டது. முதல் பத்து நாளின் வலி மறந்துபோயிருக்கும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டு, சேனைத் தண்ணீர் வை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டதையே அவர்களும் சொல்வார்கள். போன வருடம் அழுதவள் வந்தால் பேச்சு வேறாக இருக்கும். வருகிறவள் மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேச வேண்டும். மருமகளிடம் மட்டும் கிசுகிசுத்துவிட்டுப் போனால் அவள் படி இறங்கியதும் சர்க்கரைத் தண்ணீர் வந்துவிடும்.

கே: பக்கத்து வீட்டுப் பெண் வந்து பேசினால் பால் ஊறுமா? ஆதாரம் உண்டா?
– ஆசிரியர், பழவேற்காடு

உண்டு, ஐயா. வங்கதேசத் தலைநகர் டாக்காவில் ஆராய்ந்து 2000-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அந்தந்தப் பகுதியில் பால் கொடுத்த அனுபவமுள்ள பெண்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். பிரசவத்துக்கு முன்பே போகத் தொடங்கி, ஐந்தாம் மாதம் வரை 15 தடவை. ஐந்தாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்கள் இப்படி ஆள் வந்த பக்கம் நூற்றுக்கு 70 பேர், வராத பக்கம் 6 பேர். அதற்கு முந்தைய ஆண்டு மெக்சிகோ நகரில் வந்த முடிவும் இதே திசையில்தான்: ஆறு தடவை போன வீடுகளில் மூன்றாம் மாதத்தில் 67, போகாத வீடுகளில் 12.

நம் தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. ஆனால் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவை நூற்றுக்கு 55தான். பிரசவம் வரை கூடவே வந்த உதவி, வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. எனக்கு ஆற்றாமை அதில்தான்.

கே: செவிலியரம்மா வருகிறாரே, போதாதா?
– இடமணி

அவர் வேண்டும். ஆனால் அவருக்குப் பல ஊர். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை வீறிடும்போது அவர் உங்கள் திண்ணையில் இருக்க முடியாது. அக்காக்களுக்குச் சொல்லிக்கொடுப்பவராக அவர் இருக்கட்டும். அக்காவும் தன் எல்லையை அறிய வேண்டும். தாய்க்குக் காய்ச்சலோடு மார்பு சிவந்து வீங்கினால், பிள்ளை பாலுக்கு எழாமல் சோர்ந்து கிடந்தால், சிறுநீர் போகாவிட்டால், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் தெரிந்தால் யோசனை கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது; 108-ஐக் கூப்பிட வேண்டும். மார்பு வீக்கத்துக்காகப் பால் கொடுப்பதை மட்டும் நிறுத்தவேண்டாம்.

கே: சித்திரை வெயிலில் குழந்தைக்குக் கொஞ்சம் தண்ணீராவது?
– ஜமீலாபாத்

ஆறு மாதம் வரை ஒரு மிடறுகூட வேண்டாம். தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 விழுக்காடு தண்ணீர்தான். தாகம் தாய்க்கு; செம்பை அவள் கைக்கெட்டுகிற இடத்தில் வையுங்கள்.

கே: பால் சுறா சாப்பிட்டால்தான் பால் ஊறும் என்கிறார்களே?
– லைட்ஹவுஸ் குப்பம்

ஊற வைப்பது பிள்ளையின் வாய். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேரும். சுறாப் புட்டு எப்போதாவது போதும். நெத்திலியும் மத்தியும் தாராளமாகச் சாப்பிடலாம்.

கே: மீன் கூடையோடு மார்க்கெட் போக வேண்டும். பிள்ளை வீட்டில் என்ன செய்யும்?
– பசியாவரம்

கிளம்பும் முன் வயிறு நிறையக் கொடுங்கள். கொதிக்க வைத்து எடுத்த எவர்சில்வர் கிண்ணத்தில் கையால் பீய்ச்சி மூடி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். நாலு மணி நேரத்துக்குள், நம் வெயிலுக்கு அதற்கும் முன்பே, சங்கில் புகட்டிவிட வேண்டும். பாட்டில் வேண்டாம், கழுவிச் சுத்தமாக வைப்பதும் கஷ்டம், சப்புகிற விதமும் மாறிவிடும்.

கே: பழவேற்காடு ஏரிக்கு மீன்பிடிக்கப் போகிறவன் நான். இதில் எனக்கு என்ன வேலை?
– கோட்டைக்குப்பம்

அவள் பால் கொடுக்கிற நேரத்தில் வீட்டு வேலை முழுக்க உங்களுடையது. "பால் போதவில்லை போலிருக்கே" என்று யார் வாயெடுத்தாலும் முதலில் மறுக்க வேண்டியவரும் நீங்கள்.

கே: எங்கள் ஊரில் இதை எப்படி ஆரம்பிப்பது?
– பனையோலைக் கூடை முடையும் பெண்கள், தோணிரேவு

உங்கள் ஏரியிலேயே வழி இருக்கிறது. யார் எந்த இடத்தில் என்றைக்கு இறாலுக்கு வலை போடுவது என்று பாடு முறை வைத்து, முறை மாற்றி மாற்றிப் பிழைக்கிற கரை இது. அதே மாதிரி பாலூட்டிய அக்காக்கள் ஐந்தாறு பேர் முறை போட்டுக்கொள்ளுங்கள். ஓலை முடையக் கூடி உட்காருகிற இடத்திலேயே, இந்த மாதம் யாருக்குப் பிரசவம் என்று பேசிவிடலாம். ஏழெட்டு மாதக் கர்ப்பத்தில் ஒரு தடவை போங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ஒரு தடவை. முதல் வாரம் முடிந்தால் தினமும். பிறகு ஆறு மாதம் வரை பதினைந்து நாளுக்கொருமுறை. தாய் வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போன பெண், திரும்பி வருகிற நாளை மறந்துவிடாதீர்கள். அங்கே கிடைத்த துணை இங்கே அறுந்துபோகிற நாள் அது.

கே: நானே முதல் மாதம் படாத பாடு பட்டு, அழுது அழுதுதான் கொடுத்தேன். நான் போய் என்ன சொல்ல?
– அரங்கங்குப்பம்

எப்படி அழுதீர்கள், எது எப்போது சரியானது என்பதைச் சொல்லுங்கள். எல்லாம் சுலபமாக நடந்தவளைவிட உங்களைத்தான் அந்தப் பெண் நம்புவாள். போகும்போது குழந்தைக்குச் சட்டை வாங்காதீர்கள். தாய்க்குச் சுடுசோறும் குழம்பும் எடுத்துப்போங்கள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பிள்ளை உங்கள் மடியில் இருக்கட்டும்.